இரண்டாவது ஆமென்

அன்றைக்குத் தட்டில் ஒன்பது சீட்டுகள்தான் இருந்தன. மற்ற நாட்களில் மதியம் பன்னிரண்டுக்கு அந்தத் தட்டு அவள் மேசைக்கு வரும்போது நாற்பது, ஐம்பது சீட்டுகள் ரப்பர் பேண்டுக்குள் பிதுங்கிக்கொண்டு நிற்கும். அன்று காலையில் தெருமுனையில் குழி தோண்டியவர்கள் எதையோ வெட்டிவிட, பதினொரு தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. பத்தரைக்கு மேல்தான் ஒவ்வொன்றாக உயிர் வந்தது. அதுவரை எத்தனை பேர் அழைத்து அழைத்துப் பார்த்தார்களோ என்று மூன்றாம் மேசைக்காரி உச்சுக் கொட்டினாள். "நமக்கே லைன் கிடைக்காத நாள் அக்கா இது" என்று கூரையைப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரிக்கவும் செய்தாள்.

ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது அந்த ஜெப அலுவலகம். நீளமான ஒரே கூடம். பலகையால் தடுத்த பதினொரு மேசைகள். ஒவ்வொன்றிலும் காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்செட், மஞ்சள் சீட்டுக் கட்டு, சளி பிடித்தவர்களுக்கும் அழுகிறவர்களுக்கும் பொதுவான டிஷ்யூ பெட்டி, எந்தக் கஷ்டத்துக்கு எந்த வசனம் என்று அச்சடித்து பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டை. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும். அழைத்தவர்கள் சிலர், "சிஸ்டர், அங்க யாரோ பெருமூச்சு விடுறாங்களே" என்று கேட்டிருக்கிறார்கள். அழைப்பவர்களிடம் பெயரைச் சொல்லக்கூடாது, "உங்கள் சகோதரி பேசுகிறேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும் என்பது அலுவலக விதி. நாளாக நாளாக அவர்களுக்குள்ளேயே பெயர்கள் தேய்ந்து, மேசை எண்கள் மட்டும் மிஞ்சின. ஒன்பது பிரதர், நாலு சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். பதினொரு வருடமாக ஏழாம் மேசையில் இருக்கும் அவள் எல்லோருக்கும் ஏழக்கா.

அந்த இடத்துக்கென்று இன்னொரு விதியும் இருந்தது. தனியாள் ஜெபம் போதாது, இரண்டு பேர் ஒருமனப்பட்டுக் கேட்க வேண்டும் என்பதில் பாஸ்டர் கண்டிப்பானவர். அழைப்பை எடுத்தவர் அழைத்தவரோடு சேர்ந்து ஜெபித்து முதல் ஆமென் சொல்லிவிட்டு, விஷயத்தை மூன்று வரியில் சீட்டில் எழுதித் தட்டில் போடுவார். அந்தச் சீட்டு வேறொரு மேசைக்குப் போகும். அங்கே இருப்பவர் அதைப் படித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து ஜெபித்து, இரண்டாவது ஆமென் சொல்லி, வலது மூலையில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் அது கூடத்தின் கோடியில் இருக்கிற மரப்பெட்டிக்குள் விழும். மூன்று, நான்கு, ஐந்து மேசைகளின் சீட்டுகள் ஏழாம் மேசைக்கு வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒவ்வொரு சீட்டையும் படித்தாள். சில சீட்டுகள் அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கே வந்து, சாப்பிடும்போதும் எதிரில் உட்கார்ந்திருக்கும். பிறகு அழைப்புகள் பெருகின. சீட்டுக்கு ஒரு நிமிடம் என்றாலும் மதியச் சாப்பாட்டு நேரம் அதிலேயே போய்விடும் என்றாயிற்று. எப்போது, யார் தொடங்கியது என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. ரப்பர் பேண்டைக் கழற்றாமலே கட்டின்மேல் கையை வைத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ஜெபம், ஒரு ஆமென், பிறகு மூலைகளை மட்டும் விரலால் புரட்டி மளமளவென்று கையெழுத்து. பாஸ்டரிடம் யாரும் சொல்லவில்லை. தப்பு என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. படிக்காவிட்டால் என்ன, படிக்க வேண்டியவருக்குத் தெரியாதா என்பதுதான் எல்லோர் மனதிலும் இருந்த சமாதானம்.

அன்றைக்கு ஒன்பதே ஒன்பது. நேரம் கிடந்தது. அவள் ரப்பர் பேண்டைக் கழற்றினாள்.

முதலாவது, பரீட்சையில் மூன்றாம் முறை தோற்றவன். இரண்டாவது, ஒரே சுவருக்காகப் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பி. மூன்றாவது, கணவன் இறந்ததிலிருந்து கட்டிலில் படுக்க முடியாமல் நாற்காலியிலேயே தூங்குகிற ஓர் அம்மா. ஒவ்வொன்றின்மேலும் கையை வைத்து, பழைய நாட்களில் செய்ததுபோல உதடு அசைய ஜெபித்தாள். மனதுக்கு இதமாகக்கூட இருந்தது. நான்காவது சீட்டில் மூன்றாம் மேசைக்காரியின் குண்டு குண்டான எழுத்து.

'சகோதரர், 56. லிஃப்ட் மெக்கானிக். ஒரே மகள், 24, தசை பலவீன நோய், படுக்கையில். பழைய லிஃப்டில் இருந்த கண்ணாடியைச் சுவரில் மாட்டிக் கொடுத்திருக்கிறார். மகள் அதில் தெருவைப் பார்க்கிறாள். விண்ணப்பம்: நாங்கள் இருவரும் போவதற்கு முன்னால் கர்த்தர் அவளை எடுத்துக்கொள்ள வேண்டும். மனைவிக்குத் தெரியாது. இது 34-ஆவது அழைப்பு.'

மனசு எவ்வளவு விசித்திரமானது என்றால், முதலில் அவளுக்கு அந்தக் குடும்பத்தின்மேல் பரிதாபம்தான் வந்தது. ஐயோ, நம்மைப்போலவே இன்னொரு வீடு இந்த ஊரில் இருக்கிறதே, அங்கேயும் ஒருவர் லிஃப்ட் வேலை செய்கிறார், அங்கேயும் ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறது என்று நினைத்தாள். அந்த அம்மாவைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றியது. இரண்டு மூச்சு நேரம் அப்படியே போயிற்று. அதற்குப் பிறகுதான் அது எந்த வீடு என்று புரிந்தது. உள்ளங்கை ஏற்கெனவே சீட்டின்மேல் இருந்தது. சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பதுபோல் எடுத்தாள்.

எழுந்து மூன்றாம் மேசைக்குப் போனாள். தான் நடப்பதைத் தானே பின்னாலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. அலுவலகத்தில் யாருக்கும் அவள் மகளைப் பற்றித் தெரியாது. 'வீட்டில் இருக்கிறாள்' என்பதற்கு மேல் அவள் சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் சுகம் வேண்டி ஜெபிக்கிறவள் வீட்டிலேயே இப்படி என்று தெரிந்தால், காதில் ஹெட்செட்டை எந்த முகத்தோடு மாட்டுவது?

"இந்த லிஃப்ட்காரர்..." என்று சீட்டை நீட்டினாள்.

"அவரா? நம்ம ஆள்தான்க்கா. செவ்வாக்கிழமையானா வந்துடுவாரு." மூன்றாம் மேசைக்காரி ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கினாள். முப்பது வயது, வாயில் எப்போதும் ஒரு ஏலக்காய். "யாரு எடுத்தாலும் மூணாம் மேசைக்குக் குடுங்கம்பாரு. என் குரல்ல அப்படி என்ன இருக்கோ, எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் அது தெரியலை."

ஏழக்கா சிரிக்கவில்லை. மூன்று, நான்கு, ஐந்து மேசைகளின் சீட்டுகள் தன்னிடம் வரும் என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் சொன்னது அவள்தான். செவ்வாய்க்கிழமைகளில் அவள் எடுத்ததும் பேசாமல் துண்டிக்கப்படும் அழைப்புகளும் நினைவுக்கு வந்தன. பேச முடியாதவர்கள் என்று அவர்களுக்காகவும் அவள் தனியாக ஜெபித்திருக்கிறாள்.

"அழுவாரா?"

"அழுகையா? சிரிக்க வச்சிடுவாருக்கா. நான் ரிப்பேர் பண்ணின லிஃப்டெல்லாம் பதினெட்டு மாடி ஏறுது சிஸ்டர், என் ஜெபம் மட்டும் ரெண்டாவது மாடியிலயே நின்னுக்கிட்டு கதவைத் திறந்து திறந்து மூடுதுன்னாரு ஒரு நாள். நான் ஜெபத்துக்கு நடுவுல சிரிச்சிட்டேன். ஆண்டவர் மன்னிக்கணும்."

"இதுக்கா நீ ஜெபிச்சே?"

ஏலக்காய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போயிற்று. "எப்படிக்கா முடியும்? நானும் பிள்ளை பெத்தவதானே. சுகத்துக்குத்தான் ஜெபிச்சேன். சீட்டுலயும் சுகத்துக்குன்னுதான் எழுதிக்கிட்டிருந்தேன். ரெண்டு மூணு வாரத்துல, என்ன எழுதுறீங்கன்னு கேட்டுக் கண்டுபிடிச்சிட்டாரு. நான் சொன்னதை எழுதுங்க சிஸ்டர், நீங்க ஆமென் சொல்ல வேணாம், அடுத்து படிக்கிறவங்க சொல்லட்டும்னாரு. அதுலேர்ந்து அப்படியே எழுதிட்டேன். ஏழு மாசம் இருக்கும்." "நீங்க படிச்சிட்டு ஒண்ணும் கேக்கலையேன்னு நானும் நினைச்சிருக்கேன். ஏழக்கா பெரிய மனசுக்காரின்னு நினைச்சுக்கிட்டேன்" என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் கூடம் காலியானதும் அவள் இரும்பு அலமாரியைத் திறந்தாள். பெட்டியிலிருந்து எடுத்த சீட்டுகளைத் தேதி வாரியாக ஒரு வருடம் வைத்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமைக் கட்டுகளை மட்டும் எடுத்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தேடினாள். தேடுவதற்கு ஒன்றும் சிரமமில்லை. லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் மெக்கானிக். கர்த்தர் அவளை எடுத்துக்கொள்ள வேண்டும். வலது மூலையில் அவளுடைய கையெழுத்து. அடுத்த வாரம், அதே வரி, அதே மூலை, அதே கையெழுத்து, வால் பகுதி மட்டும் அவசரத்தில் சற்று நீண்டிருந்தது. காய்ச்சலில் விடுப்பெடுத்த இரண்டு வாரங்கள் தவிர ஒன்றுகூட விடுபடவில்லை. இருபத்தெட்டு செவ்வாய்க்கிழமைகள். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது மகளின் நெற்றியில் கை வைத்து சுகம் கேட்டுவிட்டு வந்து, மதியம் அதே கையைக் கட்டின்மேல் வைத்து, அவளை எடுத்துக்கொள்ளும் என்பதற்கு ஆமென் சொல்லியிருக்கிறாள்.

கடவுள் இல்லை என்று அவளுக்கு அப்போதும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் ஒருவேளை மனசு லேசாகியிருக்கும். அவர் இருக்கிறார், ஆனால் அங்கேயும் கூட்டம் அதிகம், அவரும் ரப்பர் பேண்டைக் கழற்றாமல் கட்டின்மேல்தான் கையை வைக்கிறாரோ என்றுதான் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும், வரக்கூடாத வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவளைப்போல் சட்டென்று பின்வாங்கி, கட்டுகளை இருந்தபடியே அடுக்கினாள்.

ஒரு மணிக்கு மேசைக்குத் திரும்பியதும் வந்த முதல் அழைப்பு ஒரு வயதான குரல். மருமகள் சோறு போட மறுக்கிறாள், கண்ணும் தெரியவில்லை. அவள் வாய் பழக்கத்தில், "கவலைப்படாதீங்கம்மா, கர்த்தர் உங்களைத் தாங்குவார்" என்றது.

"எப்படிம்மா தாங்குவாரு?" என்றது குரல். கிண்டலாக இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல், தெரிந்துகொள்ள மட்டும் கேட்டது.

பதினொரு வருடத்தில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அட்டையைப் பார்த்தாள். அதில் முதுமை, பசி, குடும்பச் சண்டை என்று எல்லாவற்றுக்கும் வசனம் இருந்தது. "ஜெபிக்கலாம்மா" என்று மட்டும் சொன்னாள். கீழே யாரோ ஒரு டயரிலிருந்து காற்றை முழுவதுமாக இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணிக்குக் கிளம்பும்போது தட்டில் எட்டுச் சீட்டுகள் கையெழுத்தோடு இருந்தன. ஒன்பதாவது அவள் கைப்பையில் இருந்தது. அந்த இடத்திலிருந்து ஒரு பென்சிலைக்கூட அவள் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை.

வீடு நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. இதை வைத்து மகள் அப்பாவை ஓட்டாத நாளே கிடையாது. கதவைத் திறந்ததும், உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "வந்துட்டாங்கப்பா ஜெபக் கம்பெனி. இன்னைக்கு எத்தனை பேரைத் தேத்தி அனுப்பினே?"

"லைன் வேலை செய்யலை. கொஞ்சப் பேருதான்."

"அதான் ஊரே ஒரு மாதிரி இருக்கு. எதிர்க்கடைக்காரர் காலையிலேர்ந்து ரெண்டு தடவை ஷட்டரை இறக்கி ஏத்திட்டாரு."

மகள் ஜன்னலுக்கு முதுகு காட்டி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எட்டு வயதில் மாடிப்படியில் தடுக்கி விழத் தொடங்கியவள், பன்னிரண்டில் நடப்பதை நிறுத்தினாள். இப்போது கழுத்தும், முகமும், வலது கையில் இரண்டு விரல்களும் மட்டும் அவள் சொன்னதைக் கேட்டன. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். மற்றபடி அந்த வீட்டில் கூர்மையான சாமான் அவள் வாய்தான். எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி, அதற்குள் தெரு. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் 'எட்டு பேர் மட்டும்' என்ற எழுத்து இன்னும் பாதி அழியாமல் இருந்தது.

கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில், முதுகுக்கடியில் வெந்நீர்ப் பையை வைத்து நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார். செவ்வாய் அவருடைய வார விடுமுறை. மகளைக் குளிப்பாட்டுகிற நாள்.

"மகாராணி இன்னைக்கு கொஞ்சம் கனம் கூடிட்டாங்க" என்றார், கூரையைப் பார்த்தபடியே.

"அப்பாவுக்குத்தான் மோட்டார் வீக்காயிடுச்சு. பழியை என் மேல போடுறாரு."

தினமும் நடக்கிற பேச்சு. தினமும் அவள் சிரிப்பாள். அன்று அவள் நேராகச் சமையலறைக்குள் போய், "கொஞ்சம் வர்றீங்களா" என்றாள். அவர் பக்கவாட்டில் உருண்டு, முட்டிபோட்டு, கட்டில் காலைப் பிடித்து எழுந்து வருவதற்கு நேரமாயிற்று. அவர் எழுவதை அவள் வெகுநாளாகப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் கண் முன்னால் தரையிலிருந்து எழுவதை அவர் எப்படியோ தவிர்த்து வந்திருக்கிறார்.

கதவைச் சாத்தினாள். அது எப்போதும் கடைசி ஒரு விரற்கடை சாத்தாது. சீட்டை அடுப்பு மேடைமேல் வைத்தாள். அவர் அதைப் படிக்கவில்லை. மஞ்சள் நிறத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். மூலையை மட்டும் குனிந்து பார்த்தார்.

"இன்னைக்குக் கையெழுத்துப் போடலையா?" என்றார் மெதுவாக.

"இருபத்தெட்டு தடவை போட்டிருக்கேன். ஒரு தடவைகூடப் படிக்கலை. கட்டாத்தான் போடுவோம். எல்லாரும் அப்படித்தான்."

அவர் முகம் அவள் எதிர்பார்த்ததுபோல் மாறவில்லை. குற்றம் பிடிபட்டவனின் முகமாக இல்லை அது. கூட நடந்து வருகிறார்கள் என்று நம்பிப் பேசிக்கொண்டே வெகுதூரம் போய்விட்டு, திரும்பிப் பார்த்து, பின்னால் யாருமில்லை என்று கண்டவனின் முகமாக இருந்தது.

"படிக்கலையா?" என்றார். "நீ படிக்கிறேன்னுதான் நினைச்சேன். படிச்சிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன்னு நினைச்சேன். மனைவிக்குத் தெரியாதுன்னு நான் சொன்னதே நீ படிக்கத்தான்." ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. "செவ்வாக்கிழமை சாயங்காலம் நீ வந்து டீ போட்டுக் குடுப்பே. முதுகைப் புடிச்சு விடுவே. சரி, அவளும் ஒத்துக்கிட்டா, வாயால சொல்ல முடியலை, இப்படிச் சொல்றான்னு... ஏழு மாசமா நான் அந்த நினைப்புலதான் கொஞ்சம் தூங்கினேன்."

"முதுகு வலின்னு புடிச்சு விட்டேன்" என்றாள். அவளுக்கே அது சம்பந்தமில்லாத பதிலாகப் பட்டது.

"தெரியுது இப்ப."

"எப்படிங்க கேக்கத் தோணுச்சு? பெத்த பிள்ளையை..."

அவர் குழாயை இறுக மூடினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. "எட்டு மாசத்துக்கு முன்னாடி குளியலறையில கை விட்டுடுச்சு. நானே கீழ விழுந்து அவளை என் மேல வாங்கிக்கிட்டேன். அரை மணி நேரம் அப்படியே கிடந்தோம். தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு, எழுந்திருக்க முடியலை. அவ ஜோக் சொல்லிக்கிட்டே இருந்தா. உங்கிட்ட சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கிக்கிட்டா." உள்ளறைப் பக்கம் காது கொடுத்துவிட்டுத் தொடர்ந்தார். "அதுக்கு முன்னாடியே, இந்த மாதிரிப் பிள்ளைங்களை வச்சுப் பாத்துக்கிற ஒரு இல்லம் போய்ப் பாத்தேன். நல்ல இடம்தான். சுத்தமா இருக்கு. எட்டுக் கட்டில். எல்லாரையும் ஒரே பக்கமாத் திருப்பிப் போட்டிருந்தாங்க."

"எந்தப் பக்கமா?"

"சுவத்துப் பக்கமா."

குக்கரின் மூடியை எடுத்து, ஏன் எடுத்தோம் என்று தெரியாமல் அவள் மறுபடி வைத்தாள். "நான் பதினாறு வருஷமா சுகத்தைக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"கேளு. வேணாங்கலையே. ஆனா நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். லிஃப்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எடையும் அந்தப் பக்கம் இருக்கிற எடையும் ஒண்ணா இருந்தா அது தானா ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. ஆண்டவர் என்ன பண்ணுவாரு, பாவம். பதினாறு வருஷமா அப்படியே நிக்குது."

"கர்த்தர் தாங்கு..." என்று அவள் வாய் தொடங்கி, பாதியில் நின்றது.

"தாங்குறாருதான்" என்றார் அவர். "இல்லேன்னு யாரு சொன்னா? என் முதுகாலதான் தாங்குறாரு. அது போயிட்டா வேற என்ன வச்சிருக்காருன்னு எனக்குத் தெரியலை."

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "நீங்க கதவைச் சாத்தினா என் காது சாத்திக்குமா என்ன? வந்து திருப்பிப் போடுங்க. இடது பக்கம் மரத்துப் போச்சு."

இருவரும் போனார்கள். விரிப்பின் இரண்டு ஓரங்களையும் ஆளுக்கொரு பக்கம் சுருட்டிப் பிடித்து, மூன்று எண்ணி, தூக்கித் திருப்பினார்கள். இந்த ஒரு காரியத்தில் மட்டும் அவர்களுக்குள் பேச்சே தேவைப்பட்டதில்லை. அவர் மூச்சைப் பிடித்ததும், கழுத்து நரம்பு புடைத்ததும், விரிப்பை விட்டபின் இரண்டு கைகளையும் கட்டிலில் ஊன்றி ஒரு கணம் குனிந்தே நின்றதும் அவள் கண்ணில் பட்டன. மகள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். என்ன கேட்டது, எவ்வளவு கேட்டது என்று அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அம்மா, மூக்கு அரிக்குது" என்று மட்டும் சொன்னாள்.

ஆறரைக்குத் தெரு விளக்கு எரிந்ததும் ஜெபம். மகள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் அது தவறியதில்லை. கைகூப்ப முடியாத மகளுக்காக அவர்களே ஒரு முறை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். மகளின் வலது கையை எடுத்து அவள் வயிற்றின்மேல் வைப்பார்கள். அதன்மேல் அம்மாவின் கை. அதன்மேல் அப்பாவின் கை. ஒருவர் ஜெபித்து முடித்ததும் மற்ற இருவரும் ஆமென் சொல்ல வேண்டும்.

முதலில் மகள். அவள் தனக்காக எதையும் கேட்டதில்லை. கண்ணாடிக்குள் அன்றைக்கு யார் யார் வந்தார்களோ அவர்களுக்காகத்தான் கேட்பாள். நொண்டுகிற நாய்க்குக் கால் சரியாக வேண்டும். எதிர்மாடியில் ஒற்றை ஆளாகத் துணி உலர்த்துகிற அண்ணனுக்கு நல்ல பெண் அமைய வேண்டும், அந்தப் பெண்ணுக்குத் துணி மடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எதிர்க்கடைக்காரருக்கு மனசில் என்ன குழப்பமோ அது தீர வேண்டும். இருவரும் ஆமென் என்றார்கள்.

அடுத்து அம்மா. சுகம் தாரும் என்று தொடங்கினாள். பதினாறு வருடத்து வார்த்தைகள், யோசிக்காமலே ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. சொல்லச் சொல்ல, தன் குரல் ஹெட்செட்டுக்குள் கேட்பதுபோல் தூரமாகக் கேட்டது. இதை நான் கடைசியாக எப்போது படித்துப் பார்த்தேன் என்று நினைத்தாள். முடித்தாள். கணவர் ஆமென் என்றார். மகளும் சொன்னாள், ஒரு நொடி தாமதமாக, பெரியவர்கள் மனம் நோகக்கூடாதென்று சின்னப் பிள்ளைகள் சொல்வதுபோல.

கடைசியில் அப்பா. அவர் எப்போதும் வாய்க்குள்தான் ஜெபிப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றிரண்டு நிமிடம். முடிந்துவிட்டது என்று தெரிவதற்காக, "இயேசுவின் நாமத்தில்" என்பதை மட்டும் சத்தமாகச் சொல்வார். மனுஷன் கூச்சப்படுகிறார் என்று அவள் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். இன்று அந்த மௌனத்தின் ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குக் கேட்டது. குண்டு குண்டான எழுத்தில் கேட்டது. குளியலறையில் ஓடுகிற தண்ணீர் கேட்டது. எட்டுக் கட்டில்களும் சுவரும் தெரிந்தன. அதற்குப் பதிலாகத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். தாங்குவார் என்ற ஒரு சொல் இருந்தது. அது பொய் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியவும் இல்லை.

"இயேசுவின் நாமத்தில்" என்றார் அவர்.

"ஆமென்" என்றாள் மகள். இந்த முறை தாமதமில்லை. தெளிவாக, முழு மூச்சோடு வந்தது.

ஏழக்கா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கீழே தெருவில் ஒரு ஷட்டர் இறங்கியது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைகளுக்குள் விழிகள் அசைவது தெரிந்தது.

"அம்மா" என்றாள் மகள்.

அவள் மகளைப் பார்த்தாள். இருபத்து நாலு வயது முகம், கழுவித் துடைத்த முகம். எத்தனை வருடமாக இந்தப் பெண் அப்பாவின் மௌனத்துக்கு இப்படித் தெளிவாக ஆமென் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்ற கேள்வி அப்போதுதான் அவளுக்குள் எழுந்தது. அதைக் கேட்க இனி நேரமில்லாததுபோலவும், கேட்டால் பதில் வந்துவிடும்போலவும் இருந்தது.

"சொல்லும்மா" என்றாள் மகள், மெல்ல. "அப்பா எவ்ளோ நேரம் அப்படியே இருப்பாரு."

அவள் கை நடுவில் இருந்தது. மேலே இருந்த கனமான கை, கிரீஸ் மறையாத நகங்களோடு, அவள் கையை அழுத்திக் கிடந்தது. கீழே, விரிப்பின் மடிப்பைப்போல எடையே இல்லாத கையிலிருந்து ஒரு விரல் மட்டும் நகர்ந்து, அவள் உள்ளங்கையை ஒருமுறை தொட்டது. பிறகு இன்னொரு முறை.